நடு அளவு

வாங்கோ தம்பி, உள்ளுக்கு வாங்கோ. சப்பாத்தோடயே வாங்கோ, பரவாயில்லை. மனுசி நிண்டிருந்தால் வாசல்லயே மறிச்சிருப்பா. அவ இப்ப ஏஜாக்ஸில, தன்ர தம்பி வீட்டில நிக்கிறா. பனி விழ முதல் போனவ. இப்ப பனி கரைஞ்சு றோட்டோரம் தண்ணி ஓடுது, வரேக்க பாத்திருப்பீங்கள்.

உந்தா, அந்த மேசையில கிடக்கிறதுதான் நீங்கள் விளம்பரத்தில பாத்த, தோட்டா அடைக்கிற மெஷின். மேசையோட சேத்து போல்ட் போட்டு இறுக்கியிருக்கு. ஸ்பனர் தாறன், நீங்களே கழட்டுங்கோ. எனக்குத் தோள்மூட்டுச் சரியில்லை. நான் இதில கதிரையில இருந்து சொல்லுறன்.

மெஷினில ஒரு பிழையும் இல்லை. ஏன் விக்கிறன் எண்டு யோசிப்பீங்கள். தவமலர் சொல்லிப்போட்டா. தவமலர் எண்டது என்ர மனுசி. மாசிமாசம் ஒருக்கால் போன் எடுத்தவ. "அந்த மேசை வெறுமையானால் சொல்லுங்கோ, வாறன்." அவ்வளவுதான். வச்சிட்டா. அதால விக்கிறன். எனக்கு அவ வீட்டுக்கு வரவேணும், வேற ஒண்டும் இல்லை.

என்ன கேட்டனீங்கள்? லோட் டேட்டாவோ, மருந்து போடுற அளவுக் கணக்கோ? அது தேடி எடுக்கிறது பெரிய கரைச்சல் தம்பி. நீங்கள் புதுசு எண்டபடியால் சொல்லுறன். வெடிச்ச பித்தளைக் கோதை எறியாமல் எடுத்து, அடியில பொறி தட்டுற புதுக் கேப் வச்சு, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, நுனியில குண்டை இறுக்கினால் திருப்பிப் புதுத் தோட்டா. ஒரு குழந்தைப்பிள்ளையும் செய்யும். ஆனால் மருந்து எவ்வளவு? அங்கதான் வில்லங்கம். எந்தத் துவக்குக்கு எந்தக் குண்டு, அதுக்கு எந்த மருந்து எவ்வளவு எண்டு ஆரைக் கேட்டாலும் ஒவ்வொரு கதை சொல்லுவினம். நம்பிக்கையான அளவு எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த மூலை போல்ட் கொஞ்சம் கறள். எண்ணெய் விட்டிட்டுத் திருப்புங்கோ.

நான் ஊரில கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராய் இருந்தனான், சுழிபுரத்தில. கடையைவிட எனக்கு மற்ற வேலைதான் கூட. வேலிச் சண்டை, கிணத்துப் பங்கு, சீதனக் காணி எண்டு சனம் என்னட்டத்தான் வரும். ஏனெண்டால் குலேந்திரன் ஒரு பக்கமும் சாயமாட்டான். இவர் வேலி அங்கால எண்டுவார், அவர் இஞ்சால எண்டுவார், நான் நடுவில கயிறு பிடிப்பன். பிறகு ரெண்டு பேரும் என்னோட கதைக்கிறேல்லை, அது வேற. ஆனால் சண்டை முடிஞ்சுது.

இஞ்ச வந்தும் அதே வேலைதான். எங்கட ஊர்ச்சங்கத்தில வருசாந்த ஒன்றுகூடலுக்கு ஒரு பகுதி இந்தச் சனிக்கிழமை எண்டு நிண்டினம், மற்றப் பகுதி அடுத்த சனிக்கிழமை எண்டு நிண்டினம். மண்டபத்தில கதிரை எறியிற அளவுக்கு வந்திட்டுது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டினம். நான் நடுவில வாற புதன்கிழமை வையுங்கோ எண்டன். அப்பிடியே வச்சினம். சனம் வரேல்லைதான். வேலைநாள், ஆர் வருவினம்? கொத்துரொட்டி முழுக்க மிஞ்சிப்போச்சு. ஆனால் ஒரு பகுதியும் மற்றப் பகுதி வெண்டிட்டுது எண்டு சொல்லேலாமல் போச்சு. அதுதான் முக்கியம்.

அப்பிடிப்பட்ட ஆள் நான். அதுக்குத்தான் சொல்லுறன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு அளவை எடுத்தன் எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ.

தவமலற்ற தம்பி பஞ்சலிங்கம். நாங்கள் பஞ்சன் எண்டுறது. அவை நெடுங்கேணிப் பக்கம், காட்டுச் சனம். தேப்பன்ர காலத்திலயிருந்து துவக்கும் கையுமாய்த் திரிஞ்ச ஆக்கள். தவமலரே சின்னனில தேப்பனுக்குப் பக்கத்தில இருந்து இடியன் துவக்குக்கு மருந்து இடிக்கிறதைப் பாத்து வளந்தவ. பஞ்சன் ஏஜாக்ஸில பள்ளிக்கூட பஸ் ஓடினவன். ஓடினவன் எண்டுதான் சொல்லவேணும், இப்ப ஓடுறேல்லை. ஒவ்வொரு வருசமும் மான் சீசனுக்கு இஞ்ச எங்கட வீட்டுக்கு வந்திடுவான். லைசென்ஸ் எல்லாம் முறையாய் எடுத்து, முறையாய்ச் சுடுறவன். மான் இறைச்சியை மிளகு போட்டுப் பிரட்டி அக்காவும் தம்பியும் சாப்பிடுறதைப் பாக்கவேணும். ஊர்க்கதை, சிரிப்பு. நான் அவ்வளவு இறைச்சி சாப்பிடுறேல்லை, கொலஸ்ட்ரோல். ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

அவன்ர துவக்கு என்ன தெரியுமோ? த்ரீ-நாட்-த்ரீ. ஊரில பொலிஸ்காரன் தோளில கொழுவிக்கொண்டு சைக்கிளில திரிஞ்ச அதே சாமான். இஞ்ச பழைய துவக்குக் கடையில கண்டவுடன வாங்கிப்போட்டான். "அத்தான், அந்த நேரம் இதைக் கண்டால் வேலி பாஞ்சு ஓடினனான். இப்ப இது என்ர கட்டிலுக்குக் கீழ" எண்டு சொல்லிச் சிரிப்பான். அதைத் துடைச்சு எண்ணெய் போட்டு வச்சிருக்கிற வடிவைப் பாத்தால், பெத்த பிள்ளையையும் அப்பிடிப் பாத்திருக்கமாட்டான்.

போன வருசம் கடையளில தோட்டா இல்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கொரோனாவுக்குப் பிறகு எல்லாத்துக்கும் தட்டுப்பாடு. புதுத் துவக்குகளுக்கே இல்லை, இந்தக் கிழட்டுத் துவக்குக்கு ஆர் வச்சிருக்கப்போகினம்? பஞ்சன் முகம் தொங்கிப்போச்சு. இந்த முறை வரேல்லை அத்தான் எண்டான். தவமலருக்கும் மனம் சரியில்லை. நான்தான் சொன்னன், பொறு, நான் அடைச்சுத் தாறன் எண்டு. மெஷின் அப்பதான் வாங்கினது. ஆருக்காகச் செய்தனான்? அவைக்காகத்தான்.

சரி, அளவுக்கு வருவம். முதல் புத்தகம் வாங்கினன். தடிச்ச புத்தகம், அந்தத் தட்டில கிடக்கு, அதையும் கொண்டுபோங்கோ. அதில ஒரு ஆரம்ப அளவும், இதுக்கு மேல போகாதே எண்டு ஒரு அளவும் இருக்கு. பிறகு இஞ்ச கிளப்பில வோல்டர் எண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவரைக் கேட்டன். அவர் புத்தகத்தையும்விடக் குறைச்சுச் சொன்னார். பழைய துவக்கு, ஆகக் குறைஞ்ச அளவில தொடங்கு, அஞ்சாறு அடிச்சுக் கோதைப் பார், பிறகு கொஞ்சம் கூட்டு எண்டார். பிறகு இன்டர்நெட்டில ஒருத்தன். அவன்ர பேரும் தெரியாது, முகமும் தெரியாது. பேருக்குப் பதிலாய் ஒரு கரடிப் படம் போட்டிருக்கிறான். ஆனால் வடிவா எழுதியிருந்தவன். அவன் சொன்னது நல்லாக் கூட. தான் வருசக்கணக்காய் அதைத்தான் போடுறானாம், ஒரு பிரச்சினையும் இல்லையாம். கீழ கனபேர் அவனுக்குக் கைதட்டியிருந்தினம்.

இப்ப நீங்கள் சொல்லுங்கோ, ஆரை நம்புறது? புத்தகத்தை எடுத்தால் வோல்டரை மதிக்கேல்லை எண்டு வரும். அந்த மனுசன் எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க இருந்து விளங்கப்படுத்தினவர். வோல்டரை எடுத்தால், அச்சடிச்ச புத்தகத்தைவிட ஒரு கிழவன்ர வாய்ச்சொல்லை எடுத்தனீங்களோ எண்டு பஞ்சன் கேப்பான். கரடிப்படக்காரனைத் தள்ளிவிட்டால், அவனும் அனுபவத்தில சொல்லுறான்தானே. ஒருத்தன்ர சொல்லைத் தட்டிப்போட்டு மற்றவன்ரயை எடுக்கிறது எனக்கு ஏலாத காரியம். என்ர வாழ்க்கையில செய்ததில்லை.

அதால மூண்டையும் கூட்டி மூண்டால பிரிச்சன். ஒருத்தருக்கும் அநியாயம் இல்லை.

ஏன் ஸ்பனரை வச்சிட்டீங்கள்? இன்னும் ரெண்டு போல்ட் இருக்கு.

மருந்தோ? மருந்தும் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொன்னவைதான். புத்தகத்தில ஒண்டு, வோல்டர் பாவிக்கிறது அதேதான் எண்டு நினைக்கிறன், கரடிப்படக்காரன் வேற. கடையில அந்த ரெண்டும் இல்லை. மூண்டாவதாய் ஒண்டுதான் இருந்தது. பேர் கிட்டத்தட்ட ஒண்டுதான், ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். கடைக்காரப் பெடியன் இது அதில்லை எண்டு சொன்னவன். அவன் பெடியன். இல்லாத நேரம் பத்துச் சதம் கூடக் குடுத்துச் சீனிக்குப் பதில் சக்கரை வாங்கிறேல்லையே? அப்பிடித்தான். அதுக்காகத்தானே நான் கரடிப்படக்காரன்ர அளவை முழுசாய் எடுக்காமல் இழுத்துக் கீழ கொண்டுவந்தனான். கவனமாய்த்தான் செய்தன்.

தவமலர் குசினியில இருந்து வந்து இதில நிண்டவ, நீங்கள் நிக்கிற இடத்தில. நான் கல்குலேட்டரில தட்டுறதைப் பாத்துக்கொண்டு நிண்டா. "என்ன செய்யிறியள்?" எண்டா. சொன்னன். அவ கல்குலேட்டரை எடுத்து ஒருக்கால் பாத்திட்டு வச்சா. பிறகு, "ஒருத்தரைக் கேட்டு அவர் சொன்னபடி செய்யுங்கோப்பா. இது வேலிச்சண்டை இல்லை" எண்டா. எங்கட அப்பா ஒரு மருந்துக்கு ஒரு அளவுதான் வச்சிருந்தவர், ஆர் என்ன சொன்னாலும் மாத்தமாட்டார் எண்டா. நான் சொன்னன், உங்கட அப்பா காட்டுக்குள்ள இருந்தவர், அவருக்கு நாலு பேரைக் கேக்க வழியில்லை எண்டு. அவ உள்ள போயிட்டா. கோவமில்லை, தேத்தண்ணி ஊத்தித் தந்தவ.

பெண்டுகளுக்கு ஒரு விசயத்தை எல்லாப் பக்கத்தாலயும் பாக்கிற பொறுமை குறைவு. அதை நான் குறையாய்ச் சொல்லேல்லை.

ஐப்பசிமாசம், நல்ல வெயில் அண்டைக்கு. ஊருக்கு வெளியால கிறவல் கல் தோண்டின ஒரு பழைய கிடங்கு இருக்கு, அதில எல்லாரும் குறி பாக்கிறவை. பஞ்சனும் நானும் போனம். சீசனுக்கு முதல் அடிச்சுப் பாக்கவேணும்தானே. தவமலர் ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்தவ. முதல் வெடி வச்சான். சத்தம் கொஞ்சம் கூட. "நல்ல மருந்து அத்தான்" எண்டு சிரிச்சான். தோளைத் தடவினான். இன்னும் கொஞ்சம் அடிச்சான். எல்லாம் குறியில பட்டுது. அந்தச் சந்தோசத்தை நான் பாத்தனான் தம்பி. ஆரும் வந்து அந்தத் தோட்டாவெல்லாம் பிழை எண்டு சொல்லேலாது.

பிறகு துவக்கின்ர போல்ட், கோது எடுக்க இழுக்கிற பிடி, இறுகத் தொடங்கீட்டுது. கையால இழுத்தும் திறக்கேல்லை, ஒரு தடியால தட்டித்தான் கோதை எடுத்தான். எடுத்துப் பாத்தான். சிரிப்பு நிண்டிட்டுது. "அத்தான், இது சரியில்லை. நிப்பாட்டுவம்" எண்டான். ஒரு பெட்டி கொண்டுபோயிருந்தனாங்கள். நான் என்ன முழுப்பெட்டியையும் அடி எண்டோ சொன்னனான்? "பாதியாவது அடிச்சுப் பாத்தால்தானே ஒரு முடிவுக்கு வரலாம்" எண்டன். அவன் நிப்பாட்டுவம் எண்டு கேக்கிறான், நான் ஒரு முழுப்பெட்டிக்கு வேலை செய்திருக்கிறன். பாதி எண்டது ரெண்டு பேருக்கும் பொது. அவனும் என்ர சொல்லைத் தட்டமாட்டான். அக்காபுருசன் எண்ட மரியாதை.

அடுத்த வெடியில துவக்கு வெடிச்சது.

சத்தம் எனக்கு ஞாபகமில்லை. எல்லாரும் சத்தத்தைத்தான் கேக்கினம், எனக்கு அது ஞாபகமில்லை. பஞ்சன் கிறவலில சப்பணம் கட்டி இருந்தான். சாப்பிட இருக்கிற மாதிரி இருந்தான். முகத்தின்ர வலப்பக்கம் முழுக்க ரத்தம். "அத்தான், என்ர தொப்பி எங்க?" எண்டு கேட்டான். தொப்பியைத் தேடினன். அவன் தொப்பியைக் கேட்டான், நான் தொப்பியைத் தேடினன். அது தூரத்தில கிடந்தது, எடுத்து மண்ணைத் தட்டிக் கொண்டுவந்து குடுத்தன். பிறகுதான் ஆம்புலன்சுக்கு அடிச்சன்.

வலக்கண் போயிட்டுது. பஸ் லைசென்சும் போயிட்டுது. கார் ஓடலாமாம், பஸ் ஏலாதாம்.

அண்டைக்கு எனக்கு ஒரு விறைப்பு வந்தது தம்பி, அது இன்னும் விடேல்லை. கைகால் விறைக்கிறது இல்லை, இது வேற. அழுகையும் வரேல்லை, கோவமும் வரேல்லை. காலமை எழும்புவன், பாணைச் சுட்டுச் சாப்பிடுவன், தமிழ் ரேடியோவைப் போட்டிட்டு இருப்பன். மரண அறிவித்தல் போகும், பாட்டுப் போகும், திருப்பி மரண அறிவித்தல் போகும். இருட்டினாப்பிறகு நிப்பாட்டுவன். ரேடியோவில என்ன கேட்டனி எண்டு ஆரும் கேட்டால் ஒண்டும் சொல்லத் தெரியாது. இரவில கட்டில்ல என்ர பக்கத்திலதான் படுக்கிறன். மற்றப் பக்கம் அவவின்ர போர்வை மடிச்சபடி கிடக்கு. அவ இல்லாமல் எனக்கு இந்த வீட்டில இருக்கேலாமல் கிடக்கு, அது உண்மை. அதை அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை.

பொலிஸ் வந்து மருந்தையும் மிச்சத் தோட்டாவையும் எடுத்துக்கொண்டு போனது. அதில வந்த ஒருத்தர் என்னட்டை இந்த அளவு எங்க எடுத்தனீங்கள் எண்டு கேட்டார். எல்லாத்தையும் சொன்னன், மறைக்கேல்லை. அவர் எழுதினதை நிப்பாட்டிப்போட்டு என்ர முகத்தைப் பாத்தார். வோல்டரும் இப்ப கிளப்பில கண்டால் தலையை மட்டும் ஆட்டுறார். அவர் சொன்ன அளவும் அதுக்குள்ள இருந்ததுதானே, அவருக்கு என்ன கோவம்?

ஆஸ்பத்திரியில நடந்ததையும் சொல்லுறன், அதுதான் எனக்கு விளங்காத விசயம். பஞ்சன் கட்டு எல்லாம் போட்டுப் படுத்திருந்தான். தவமலர் பக்கத்தில கதிரையில. அவன்ர மனுசி கால்மாட்டில. ஆரும் ஒரு முடிவு சொல்லத்தானே வேணும்? நான் போய் அவன்ர கையைப் பிடிச்சன். "பஞ்சன், நான் யோசிச்சுப் பாத்தன். மருந்து போட்டது நான். துவக்குப் பழசு, அது உன்ர. விசையை இழுத்தது நீ. பிழையை ரெண்டு பேரும் பாதி பாதி எடுப்பம்" எண்டன்.

எவ்வளவு பெரிய மனசோட சொன்னனான் பாருங்கோ. முழுப்பிழையும் துவக்கில எண்டு சொல்லியிருக்கலாம். ஆர் கேக்கப்போகினம்? சொல்லேல்லையே.

அவன் கையை மெல்ல உருவிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான். கட்டுப் போட்ட பக்கம்தான் எனக்குத் தெரிஞ்சது. தவமலர் எழும்பி என்னை வெளியால கூட்டிக்கொண்டு வந்தா. ஏதோ சொல்லப்போறா எண்டு நினைச்சன். என்ர ஜக்கெட்டின்ர சிப்பை மேல இழுத்துவிட்டா, வெளியில குளிர் எண்டு. பிறகு உள்ள போயிட்டா. அண்டையோட சரி. வீட்டுக்கு வந்து உடுப்பு எடுக்கேக்கயும் நான் கடைக்குப் போயிருந்த நேரம் பாத்துத்தான் வந்தவ.

மகள் கல்கரியில. போன் எடுத்து, "அப்பா, மாமாட்டப் போய் மன்னிப்புக் கேளுங்கோ" எண்டுறாள். பாதிக்குக் கேக்க நான் ரெடி. முழுசுக்கும் எப்பிடிக் கேக்கிறது? நானும் சொல்லிப் பாத்தன் தவமலருக்கு, கிழமையில பாதி அங்க நில், பாதி இஞ்ச நில் எண்டு. மெசேஜ்தான் போட்டன். பாத்திட்டா எண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் வரேல்லை. பிறகுதான் மாசியில அந்த ஒரு போன். மேசை வெறுமையானால் சொல்லுங்கோ, வாறன். வாறன் எண்டவ தம்பி. அந்தச் சொல்லைத்தான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்.

கழண்டிட்டுதோ? கவனம், பாரம். முதுகைக் குனியாதேங்கோ, காலில பாரத்தைக் குடுத்துத் தூக்குங்கோ. ஆ, சரி. வாகனத்தில வச்சிட்டு வாங்கோ, கதவைத் திறந்தே விடுங்கோ.

வாங்கோ. புத்தகத்தையும் எடுங்கோ. கோதை அமத்துற அந்த டைஸ் அச்சுப் பெட்டி, கோது தேய்க்கிற பிரஷ், எல்லாம் உங்கடதான்.

இல்லை, தராசை விடுங்கோ. அந்தக் கேப் அடிக்கிற சாமானையும் விடுங்கோ. புனலையும். மேசையின்ர இந்தக் கரையில இருக்கிற எல்லாத்தையும் விடுங்கோ தம்பி, அது நிக்கட்டும்.

விளம்பரத்தில எல்லாம் சேத்துத்தான் எண்டு போட்டனான், ஓம். கோவிக்காதேங்கோ, விலையில குறைச்சுத் தாறன். நான் இண்டைக்குக் காலமை நீங்கள் வாறதுக்கு முதல் இருந்து யோசிச்சன். அவ எல்லாத்தையும் குடு எண்டுறா. எனக்கெண்டால் ஒண்டையும் குடுக்க மனமில்லை. ஏனெண்டால் அந்த அளவில எங்க பிழை எண்டு நான் இன்னும் கண்டுபிடிக்கேல்லை. இன்னும் நாலு பேரைக் கேட்டால் சரியான ஒரு நடு வரும் எண்டு நினைக்கிறன். அதுக்கு ஒரு தராசு வேணும். அவ சொன்னதில பாதி, நான் நினைச்சதில பாதி. ரெண்டு பேருக்கும் நட்டமில்லை. அவவும் யோசிச்சுப் பாத்தால் ஓமெண்டுதான் சொல்லுவா.

பாருங்கோ, எவ்வளவு வெளிச்சிட்டுது. மெஷின் நிண்ட இடத்தில போல்ட் ஓட்டை மட்டும்தான். பொறுங்கோ, ஒருக்கால் துடைச்சு விடுறன்.

எனக்கு ஒரு உதவி செய்யவேணும். இந்தாங்கோ என்ர போன். இந்த மேசையை ஒரு படம் எடுங்கோ, நான் எடுத்தால் மங்கலாய் வருது. இப்பவே அவவுக்கு அனுப்பவேணும், இப்ப பஞ்சனுக்குக் கண்ணுக்கு மருந்து விட்டிட்டுச் சும்மா இருக்கிற நேரம், உடன பாப்பா. இல்லை, அதில நிண்டு எடுக்காதேங்கோ. இஞ்சால வாங்கோ, கதவடிக்கு. இன்னும் கொஞ்சம். தராசு தெரியுதோ? அப்ப இன்னும் கொஞ்சம் இஞ்சால.

ஓம், அதுதான். இந்தப் பாதி மட்டும் விழட்டும். எடுங்கோ.